நோயிலிருந்தா, பழக்கத்திலிருந்தா?

வெற்றிலைத் தட்டம் எமது மண்ணின் விருந்தோம்பற் சின்னம். பாக்கோடும் சுண்ணாம்போடும் புகையிலை நறுக்கொன்றும் அதிற் சேர்வதுண்டு. இப்பழக்கம் வாய்ப்புற்றுநோயைத் தருமெனக் கூறின், “எங்கட ஆச்சி அறுபது வருசமாய்ச் சப்பினவ, அவவுக்கு ஒண்டும் வரேல்லையே” என்னும் மறுமொழி உடனே எழும். எம்மில்லத்திலும் இவ்வழக்கு முடிவுற்றதில்லை. கலைப்பீடத்திற் பயிலும் என்னை மருத்துவ ஆய்வு முறைகளின்பால் ஈர்த்தது இவ்வழக்கே.

இத்தகைய வினாவை ஆராய இரு வாயில்கள் உள. முதலாவது, நோய். வாய்ப்புற்றுடையோரையும், வயதால் அவர்க்கொப்பான நோயற்றோரையும் தெரிந்து, இருசாராரின் முன்னைப் பழக்கங்களை வினவுதல் நோயாளர்–ஒப்பீட்டாளர் ஆய்வு. மற்றையது, பழக்கம். நோயற்ற ஊரவரைச் சப்புவோர், சப்பாதோர் எனப் பகுத்து, எவர்க்கு நோய் வருகின்றதென ஆண்டுக்கணக்கிற் கண்காணித்தல் தொடர்குழு ஆய்வு.

முன்னது இறந்தகாலத்தையும் பின்னது எதிர்காலத்தையும் நோக்குமென மனனஞ் செய்தல் போதாது. பழைய பதிவேடொன்றிலிருந்து தொழிலாளரை அவர்தம் வேலைவாரியாகத் தெரிந்து, பின்னர் அவர்க்கு நேர்ந்ததை இன்று ஆராயினும் அது தொடர்குழு ஆய்வே. ஆட்கள் எதனைக் கொண்டு தெரியப்பட்டனர் என்பதே உரைகல். சப்புவோர் ஆயிரவருள் எத்தனை பேர்க்கு நோய் வருமென்பதைத் தொடர்குழு ஆய்வு நேரே காட்டும். மற்றையதிலோ நோயாளர் தொகை ஆய்வாளர் தாமே வகுத்துக்கொண்டது. ஆதலின் அக்கணக்கை அதனிடம் கேட்டல் தகாது.

பம்பாயில் சங்வியும் கானோல்கரும் பிறரும் நோயாளரையும் ஏனையோரையும் ஒப்பிட்டு 1955இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். யாழ்ப்பாணப் புகையிலையின் பழஞ்சந்தையாகிய கேரளத்திலோ, கருநாகப்பள்ளியில் 1990 முதல் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதியப்பெற்றனர். கடற்கரை மணலின் இயற்கைக் கதிரியக்கத்தை ஆராயத் தொடங்கிய அப்பதிவு, புகையிலை சப்புவோரைத் தொடரவும் உதவிற்று. வாயில்கள் வேறாயினும் இரண்டும் புகையிலையையே சுட்டின.

ஆச்சியின் நல்வாழ்வு இதற்கு மறுப்பாகாது. தொடர்குழுவில் அவர் நோயுறாத சப்புவோருள் ஒருவர். மற்றையதில் ஒப்பீட்டாளருள் ஒருவராகலாம். இரண்டிலும் அவர்க்கு இடமுண்டு. தீர்ப்பு மாத்திரம் அவர் ஒருவரிடம் இல்லை.

குறையற்ற முறையென ஒன்றில்லை. நோயுற்றவர் காரணந்தேடிப் பழையதைத் துருவித் துருவி நினைப்பர். நோயற்றவர் அங்ஙனம் நினையார். தொடர்குழுவுக்கோ மக்கள் கண்டறியக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தனர். பலர் பின்னர் கடல்கடந்தனர். அதற்கு முன் இங்கு எவரேனும் ஊரவரைப் பதிந்து தொடரத் தொடங்கியிருப்பின், அந்நூல் அன்றே அறுந்திருக்கும்.

சிதறிய சமூகத்தை ஆராய்வோர்க்குப் பெரும்பாலும் எஞ்சுவது நினைவே. அதனை நோயுற்றோரிடமும் நோயற்றோரிடமும் ஒரே வகையாக, ஒரே பொறுமையோடு வினவுதல் ஆய்வாளர் கடன். இன்று வாழ்வோரை ஒழுங்காகப் பதிந்து வைத்தல் எம் எல்லோர்க்கும் கடன்.