பிளஸ் வயர் போகிற இடம்

மாரி மழை விட்ட ஒரு காலை. அப்பாவின் மொரிஸ் மைனரை ஸ்ரார்ட் பண்ணினால் “டக்” என்று ஒரு சத்தம், அதோட சரி. மீற்றரை வைத்துப் பார்த்தேன்: 11.4 வோல்ற். நல்லா சார்ஜ் ஏறின பற்றரி 12.6 காட்டணும். இரவு முழுக்கச் சார்ஜில போட்டதுக்குத்தான் இந்த 11.4.

காரை விற்கிறதாக இருந்தோம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிறுத்தினாங்க. கார்கள் திரும்ப வரத் தொடங்கினது 2025இல்தான். இடையில பழைய காருக்கெல்லாம் விலை ஏறிச்சு. பக்கவாதம் வந்த பிறகு அப்பாவால ஓட்ட ஏலாது. “வித்துருவோம்” எண்டு சொன்னது நான்தான். அப்பா ஓம் எண்டும் சொல்லல்ல, இல்லை எண்டும் சொல்லல்ல. ஓடாத காரை ஆர் வாங்குவான்? அதுக்காகத்தான் புதுப் பற்றரி.

யூரியூப்பில பார்த்த பாடம் இதுதான்: மைனஸ் வயரை முதலில் கழட்டு, கடைசியில பூட்டு. மைனஸ்ஸில ஸ்பானரை வைத்தேன். கதிரையில இருந்த அப்பா கையால தட்டினார்.

“மனே, அது இல்ல. வயர் எங்க போகுது எண்டு பாரு.”

பார்த்தேன். காரின் இரும்போட பூட்டியிருந்தது பிளஸ் வயர். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலதில பிளஸ்தான் ஏர்த். அதைப் பூட்டினபடி மைனஸ்ஸைக் கழட்டும்போது ஸ்பானர் இரும்பில முட்டினால் நெருப்புப் பறக்கும். ஏர்த்தை முதலில் எடுத்துவிட்டால் முட்டினாலும் ஒண்டும் ஆகாது. அப்போ விதி “மைனஸ் முதலில்” இல்லை, “ஏர்த் முதலில்”.

பழைய பற்றரியைத் தூக்கிக்கொண்டு மண்முனைப் பாலத்தால காத்தான்குடிக்குப் போனேன். 2014இல் பாலம் திறக்க முதல் அங்க ‘பாதை’தான், ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை. யுத்த காலத்தில படுவான்கரையில எங்கட வீட்டுக்குக் கரண்ட் இல்லை. பின்னேரம் அப்பா இந்தக் காரின் பற்றரியைக் கழட்டி, சின்னக் கறுப்பு வெள்ளை ரீவிக்குக் கொடுப்பார். படம் முடிய முதலே சார்ஜ் இறங்கி, திரை நாலு பக்கமும் சுருங்கிவரும். விடிய அதே பற்றரியைக் காரில பூட்டி, முன்பக்கம் கைபிடி போட்டுச் சுற்றி ஸ்ரார்ட் பண்ணுவார். எத்தனை நூறு தரம் கழட்டிப் பூட்டியிருப்பார்! அவருக்கு நான் யூரியூப்பைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கடையில பழையதை எடுத்து விலையில கழிச்சாங்க. வீட்டுக்கு வந்து, வயர் முனைகளில பூத்திருந்த வெள்ளையை அப்பச்சோடாத் தண்ணியால கழுவித் துடைத்தேன். மைனஸ் முதலில், ஏர்த் கடைசியில. மாற்றிப் பூட்டியிருந்தால் அப்பா ஆசையாகப் போட்ட ரேடியோ புகைஞ்சிருக்கும். பழைய வாகனம் வச்சிருக்கிறவங்க, கழட்ட முதல் ஒரு போட்டோ எடுத்து வையுங்க.

இரண்டாம் தரத்தில என்ஜின் பிடிச்சுது. அப்பா எழும்பிவந்து, நல்லா இருக்கிற கையைப் பொனற்றில வைத்துக்கொண்டு நின்றார். அந்த அதிர்வு அடங்கும்வரைக்கும் கையை எடுக்கல்ல.

வாங்கப்போறவருக்குத் தெரியட்டும் எண்டு, “பிளஸ்தான் ஏர்த்” என எழுதி உள்பக்கம் ஒட்டினேன். அவர் எப்ப வரலாம் எண்டு கேட்டிருந்தார். நான் இன்னும் போன் பண்ணல்ல.