பேருக்கும் பட்டா உண்டு பாஸ்!

ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூம்ல நூடுல்ஸ் கிண்டுற ஆளா நீங்க? அப்போ இந்த வழக்கு உங்களுக்குத்தான்.

ஐ.டி.சி. நிறுவனம் 2010-ல் 'மேஜிக் மசாலா' என்று ஒரு நூடுல்ஸை இறக்கியது. 2013-ல் நெஸ்லே தன் மேகியில் 'மேஜிக்கல் மசாலா' கொண்டுவந்தது. 'எங்க பேரைச் சுட்டுட்டாங்க'னு ஐ.டி.சி. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, 2020-ல் வழக்கு தள்ளுபடி! 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழ்கிற சொல். மசாலாவோ எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பது. இதுக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது.

என்னைக் கேட்டா, டிரேட்மார்க் சட்டத்தின் சூட்சுமம் இந்த வழக்கிலேயே இருக்கு. பேரைக் கேட்டதும் சரக்கு என்னன்னு புரியணும்னு நாம நினைப்போம். சட்டத்துக்கு அது பிடிக்காது. 'சுத்தமான தேன்'னு பேர் வெச்சா, தேன் விக்கிற எல்லாருக்கும் அந்த வார்த்தை வேணுமே! கம்ப்யூட்டருக்கு 'ஆப்பிள்'னு வெச்சாங்க பாருங்க, அது பேரு! சரக்குக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்லை. அதனாலேயே கெட்டியான சொந்தம்.

வார்த்தை மட்டுமில்லை. லோகோ, பாட்டில் வடிவம், கலர் காம்பினேஷன், ஒலி எல்லாத்தையும் பதியலாம். மும்பை தாஜ் ஹோட்டல் 2017-ல் தன் கட்டடத் தோற்றத்தையே பதிஞ்சுடுச்சு!

பொருட்களும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகள். எந்த வகுப்பில் பதியறீங்களோ, முக்கியமா அங்கேதான் உங்க ராஜ்ஜியம். கர்நாடக அரசு சார்ந்த 'நந்தினி' பாலுக்கும் 'நந்தினி டீலக்ஸ்' ஹோட்டலுக்கும் நடந்த சண்டையில், பாலையும் பால் பொருட்களையும் தொடாத வரை ஹோட்டல் அந்தப் பேரை வெச்சுக்கலாம்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

சரி, எப்படிப் பதியறது? முதல்ல அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அதே பேரோ, அதே மாதிரி ஒலிக்கிற பேரோ இருக்கான்னு தேடுங்க. தேட காசு கிடையாது. அடுத்து டி.எம்.-ஏ விண்ணப்பம். தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பரிசோதகர் ஆட்சேபம் சொன்னால், அறிக்கை கிடைச்ச ஒரு மாசத்துக்குள் பதில் சொல்லணும். பிறகு இதழில் வெளியிடுவாங்க. நாலு மாசத்துக்குள் யாரும் எதிர்க்கலைன்னா பதிவுச் சான்றிதழ்! பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிச்சா, ஆயுசுக்கும் உங்களுதே.

'டி.எம்.' என்ற எழுத்துகளை இப்பவே பேருக்குப் பக்கத்துல போட்டுக்கலாம். வட்டத்துக்குள்ள 'ஆர்' மட்டும் பதிவுக்கு அப்புறம்தான். முன்னாடியே போட்டா சட்டப்படி தப்பு. 2024 வரை இதுக்கு மூணு வருஷம் வரை ஜெயில் கூட இருந்தது; இப்போ ஜெயில் இல்லை, ஆனா அபராதம் கட்ட நேரலாம், ஜாக்கிரதை!

கடைசியா ஒண்ணு. எனக்குத் தெரிஞ்ச மூணு தோழிகள் காலேஜ்ல கேக் செஞ்சு வித்தாங்க. நல்ல பேரும் கிடைச்சது. படிப்பு முடிஞ்சதும் அந்தப் பேர் யாருக்குங்கிற பேச்சு வந்தது. இப்போ மூணு பேருக்கும் பேச்சே இல்லை. ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து எதையாவது ஆரம்பிக்கிறீங்களா? ஸ்டிக்கர் அடிக்கக் கொடுக்கும் முன்னாடி, பேரை யார் யார் பெயரில் பதியறதுன்னு டீக்கடையிலேயே உக்காந்து பேசி, ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. பேரும் நிலைக்கும், நட்பும் நிலைக்கும்!