எங்கய்யா போன சேகரு?

நேத்து ராத்திரி 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' மறுபடி பாத்தேன்.
2022 டிசம்பர்ல தியேட்டர்ல வந்த அதே வருத்தம்.

எவ்ளோ எதிர்பார்த்தோம்!
வருஷக்கணக்கா திரையில சரியா பாக்கக் கிடைக்காத வடிவேலு.
அதுவும் 'தலைநகரம்', 'மருதமலை' எடுத்த அதே சுராஜ்.

2006ல 'தலைநகரம்' படத்துல அந்த நாய் சேகரப் பாத்து ஏன் அப்படிச் சிரிச்சோம்?
ஒருத்தனும் அவர ரவுடின்னு மதிக்கல. தானா போய் போலீஸ் வண்டில ஏறுவாரு. மொகத்துல பெருமை, உள்ளுக்குள்ள உதறல்.

'ரிட்டர்ன்ஸ்'ல அவரே ஹீரோ. நாய் கடத்துறாரு, பாட்டு, பில்டப்பு எல்லாம் இருக்கு. பதிலுக்குப் பதில் குடுக்க பார்த்திபன் மாதிரி, கோவை சரளா மாதிரி எதிர்ல ஆள் இல்ல.

அடுத்த வருஷமே 'மாமன்னன்'ல அழ வெச்சிட்டாரு மனுஷன். நடிப்பு எங்கயும் போயிடல.

வயிறு வலிக்க சிரிக்கிற மாதிரி அவருக்கு எழுத இப்ப யாருங்க இருக்கா?