எட்டு பேருக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு: பதறாம சமைப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் அன்னிக்கு மத்தியானம் கிறிஸ்தவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கீங்களா? போயிருந்தா ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. பந்தியில எல்லாரும் இருப்பாங்க, சமைச்சவங்க மட்டும் இருக்க மாட்டாங்க. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா?"ன்னு அடுப்படியில இருந்து ஒரு குரல் மட்டும் வரும். விடிகாலை ஆராதனைக்குப் போய்ட்டு வந்து, நல்ல சேலையை மாத்தி, அப்படியே அடுப்பு முன்னாடி நின்னவங்க அவங்க.

இந்தக் கட்டுரை அவங்களுக்காக இல்லை. அவங்களுக்கு நாம சொல்லிக் குடுக்க ஒண்ணும் கிடையாது. டீ, மேகி, ஆம்லெட் தாண்டி எதுவும் தெரியாத என்னை மாதிரி ஆளுங்க, ஒரு வருஷமாவது அந்த அடுப்படியை வாங்கிக்கிட்டு எப்படிச் சமாளிக்கலாம்னு சொல்லத்தான் இது. பாளையங்கோட்டையில 2024 கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுல செஞ்சு பார்த்தது. ஆகவே ஏட்டுச் சுரைக்காய் இல்லை :-)

முதல்ல ஏன் நான் செஞ்சேன்னு சொல்லிடுறேன். அந்த வருஷம் ஆகஸ்ட்ல எங்க தாத்தா இறந்துட்டாங்க. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுல வர்ற முதல் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுட மாட்டாங்க. ஸ்டார் கட்ட மாட்டாங்க. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாம் சொந்தக்காரங்களும் அக்கம்பக்கமும் கொண்டு வந்து குடுக்கும். ஆச்சி டிசம்பர் பிறந்ததுமே சொல்லிட்டாங்க, "இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம். ரசம் வச்சு அப்பளம் பொரிச்சா போதும்." அம்மாவும் சரின்னுட்டாங்க. நாலு மாசமா ஆஸ்பத்திரி, வீடு, வர்றவங்க போறவங்கன்னு ஓடி ஓய்ஞ்சு போயிருந்தாங்க.

எனக்கு அது சரியாப் படலை. பலகாரம் வேண்டாம், ஸ்டார் வேண்டாம், ஒத்துக்கிறேன். ஆனா தாத்தா இருந்த வரைக்கும் கிறிஸ்துமஸ் மத்தியானம் அந்த வீட்டுல தனியா யாரும் சாப்பிட்டதில்லை. அது நின்னு போகக் கூடாதுன்னு தோணுச்சு. "சாப்பாடு மட்டும் நான் பாத்துக்கிறேன்"னு சொன்னேன். ஆச்சி என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "ஏல, நீயா பொங்கப் போற?"ன்னு கேட்டாங்க. அவ்வ்வ்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1. முதல்ல தலையை எண்ணுங்க

ஆச்சி, அப்பா, அம்மா, தங்கச்சி, நான், மாமா, அத்தை. ஏழு. எட்டாவது ஆள், எதிர் வீட்டுத் தாத்தா. எங்க தாத்தாவோட வாக்கிங் கூட்டாளி. இப்ப தனியா இருக்காங்க. அவங்க சுத்த சைவம். வருஷா வருஷம் பலகாரத் தட்டு அவங்க வீட்டுக்குப் போகும், பொங்கலுக்கு அங்க இருந்து இங்க வரும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மெனு யோசிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கு வேணும். யார் சைவம், யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பல்லு கிடையாது. எங்க ஆச்சிக்குக் கறி நல்லா வெந்திருக்கணும். அதனால வறுவல் அப்பவே அடிபட்டுப் போச்சு.

2. சாப்பிடுற நேரத்துல ஒரே ஒரு வேலைதான் அடுப்புல இருக்கணும்

பிரியாணி செய்யலாம்னு எல்லாரும் சொல்வாங்க. முதல் தடவை சமைக்கிறவங்க எட்டு பேருக்குப் பிரியாணி போடுறது, லைசென்ஸ் இல்லாம லாரி ஓட்டுற மாதிரி. அரிசி, கறி, தண்ணி, தம் எல்லாம் ஒரே பாத்திரத்துல, ஒரே நேரத்துல சரியா வந்தாகணும். ஒண்ணு சொதப்பினா மொத்தச் சாப்பாடும் போச்சு.

அதனால பிரிச்சுட்டேன். கறி தனி, சோறு தனி. என் மெனு:

- ஆட்டுக்கறிக் குழம்பு (முக்கால்வாசி முந்தின நாளே முடிஞ்சிடும்)
- நெய்ச்சோறு (அன்னிக்கு, கடைசி வேலை)
- அவிச்ச முட்டை (காலையில)
- வெங்காயத் தயிர்ப் பச்சடி (அடுப்பே வேண்டாம்)
- பட்டாணி உருளைக்கிழங்கு குருமா (நான் இல்லை, அத்தை!)
- கடையில வாங்கின பிளம் கேக், வெனிலா ஐஸ்கிரீம்

அஞ்சு வகைக் கூட்டும் பொரியலும் வச்சு அசத்தணும்னு ஆசை வரும். அதை அடக்கிட்டாலே பாதி டென்ஷன் போயிடும்.

3. "நான் என்ன கொண்டு வரட்டும்?"னு கேட்டா "ஒண்ணும் வேண்டாம்"னு சொல்லாதீங்க

இது நாம எல்லாரும் மரியாதைக்குச் சொல்ற பொய். சொன்னா என்ன ஆகும்? ஆளாளுக்கு ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிட்டு வருவாங்க. அத்தை ஃபோன்ல கேட்டப்ப, "அத்தை, குருமா செஞ்சு தனிப் பாத்திரத்துல, தனிக் கரண்டியோட கொண்டு வாங்க"ன்னு நேராச் சொன்னேன். அவங்களுக்குச் சந்தோஷம். சைவச் சாப்பாடு கறி வெந்த அடுப்படிப் பக்கமே வராம போனதுல எனக்கும் நிம்மதி. தேங்காய் அரைக்கிறது தங்கச்சி, வாழை இலை வாங்குறது அப்பா. அம்மாவுக்கு ஒரே ஒரு வேலை: கேட்டா பதில் சொல்லணும், எந்திரிக்கக் கூடாது.

4. காமர்ஸ் படிச்சது இதுக்காவது உதவட்டும்

ஏபிசி அனாலிசிஸ் படிச்சிருப்பீங்க. சரக்குல எது எண்ணிக்கையில கொஞ்சமா இருந்து பணத்தைப் பெருசா முழுங்குதோ, அதைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கணும். என் கணக்கு இது:

கறி ஒன்றரை கிலோ 1,350, சீரக சம்பா ஒரு கிலோ 130, நெய் 150, தேங்காய் இரண்டு 60, தயிர் ஒரு லிட்டர் 60, முட்டை ஏழு 46, வெங்காயம் தக்காளி வகையறா 100, கேக் 450, ஐஸ்கிரீம் 220. ஆக மொத்தம் 2,566 ரூபாய். தலைக்கு 321 ரூபாய் கூட வரலை. இதுல கறி மட்டும் பாதிக்கு மேல. ஆக, என் கவனமும் பாதிக்கு மேல கறியிலதான். பச்சடியில உப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க, கறி வேகலைன்னா பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் சொல்லுவாங்க.

அடுத்தது கிரிட்டிகல் பாத். 1957-ல அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேந்து தொழிற்சாலை வேலைகளைத் திட்டமிட உருவாக்கின முறை. எந்த வேலை தாமதமானா மொத்தமும் தாமதமாகுமோ அந்தச் சங்கிலியைக் கண்டுபிடிச்சு அதை மட்டும் விடாம பிடிக்கணும். சாப்பாட்டுல அந்தச் சங்கிலி எதுன்னு முடிவுல இருந்து பின்னாடி எண்ணிப் பாருங்க. ஒரு மணிக்கு இலை போடணும்னா, 12:40-க்குக் குக்கர் இறங்கி ஆவி அடங்கணும். 12:10-க்கு அரிசி உள்ள போகணும். 11:45-க்கு ஊறப் போடணும். அவ்வளவுதான். குழம்பு, முட்டை, பச்சடி எல்லாம் இந்தச் சங்கிலிக்கு வெளியில, முன்கூட்டியே முடிஞ்சு கிடக்கும்.

5. 24-ம் தேதி

கறியை 24 காலையிலேயே வாங்கிடுங்க. சாயங்காலமும் மறுநாள் காலையிலயும் கறிக்கடையில திருவிழாக் கூட்டம் நிக்கும். முந்தின நாளே சொல்லி வச்சா இன்னும் நல்லது. தொடையும் நெஞ்செலும்பும் கலந்து கேளுங்க, குழம்புக்கு எலும்புதான் ருசி.

செய்முறை சுருக்கமா: குக்கர்ல எண்ணெய் காஞ்சதும் பட்டை, கிராம்பு, சோம்பு. கால் கிலோ சின்ன வெங்காயம் (உரிக்கிறதுக்குத் தங்கச்சியைப் பிடிங்க), கறிவேப்பிலை, மூணு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. பச்சை வாசம் போனதும் மூணு தக்காளி. அது குழைஞ்சதும் மஞ்சள்தூள், ரெண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், நாலு மேசைக்கரண்டி மல்லித்தூள், உப்பு. கறியைப் போட்டுப் பத்து நிமிஷம் பிரட்டி, மூழ்குற அளவு தண்ணி. ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைச்சு இருபது நிமிஷம். ஆவி அடங்கினதும் ஒரு துண்டை விரலால நசுக்கிப் பாருங்க. நசுங்கலைன்னா இன்னும் அஞ்சு நிமிஷம்.

இங்கதான் முக்கியமான விஷயம். தேங்காயை ராத்திரி சேர்க்காதீங்க. தேங்காய் அரைச்சு ஊத்தின குழம்பு சீக்கிரம் கெட்டுப் போகும். வெந்த கறியை அகலமான பாத்திரத்துக்கு மாத்தி ஆற வச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வச்சிடணும். சூடா இருக்குன்னு ராத்திரி முழுக்க வெளியில விட்டா, மறுநாள் கொதிக்க வச்சாலும் சில கிருமிங்க விட்டு வச்ச நஞ்சு போகாது. சோத்தை முந்தின நாளே வடிச்சு வைக்காததுக்கும் இதுதான் காரணம்.

இதுல போனஸ் என்னன்னா, ராத்திரி முழுக்க மசாலாவுல ஊறின கறி மறுநாள் இன்னும் நல்லா இருக்கும்.

6. 25-ம் தேதி

எங்க கோயில்ல நாலு மணி ஆராதனை. ஆறரைக்கு வீடு வந்து, நிம்மதியா ஒன்பது வரைக்கும் தூங்கினேன். தூங்குங்க, அதுதான் முன்னேற்பாட்டோட சம்பளம்.

பத்து மணிக்கு முட்டை அவிச்சாச்சு. வெந்ததும் பச்சைத் தண்ணிக்கு மாத்தினா ஓடு சுலபமா உரியும். பதினொன்றரைக்கு ஒரு மூடித் தேங்காயை, சோம்பு, கொஞ்சம் கசகசாவோட நைசா அரைச்சு வச்சாச்சு. சீரக சம்பாவை இருபத்தஞ்சு நிமிஷம் ஊற வச்சேன். ஒரு கிலோவை ஒரே குக்கர்ல திணிக்காதீங்க. அரைக் கிலோ வீதம் ரெண்டு குக்கர் (ஒண்ணு பக்கத்து வீட்டுது). நெய்யில பட்டை, கிராம்பு, ஏலக்காய், நீளமா நறுக்கின வெங்காயம் வதக்கி, ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணி. கொதி வந்ததும் அரிசியும் உப்பும். மூடி, ஒரு விசில், அப்புறம் அஞ்சு நிமிஷம் சின்னத் தீ. ஆவி தானா அடங்கட்டும், கரண்டியால தூக்கித் திறக்காதீங்க. அரிசி குழைஞ்சிடும்ங்கிற பயத்துல திறந்து திறந்து பாக்கவும் வேண்டாம்.

குக்கர் பாட்டுக்கு வேலை பாக்குற நேரத்துல மூணாவது அடுப்புல குழம்பைத் தளதளன்னு கொதிக்க விட்டு, தேங்காய் விழுது சேத்து மறுபடி பத்து நிமிஷம். பச்சடிக்கு உப்பு மட்டும் பரிமாறப் போகும்போது. முன்னாடியே போட்டா வெங்காயம் தண்ணி விட்டுடும்.

கேக்கை நானே சுடலாமேன்னு யாராவது ஆசை காட்டினா நகர்ந்து போயிடுங்க. 1883-ல தலச்சேரியில மாம்பள்ளி பாபு சுட்டதுதான் இந்தியாவோட முதல் கிறிஸ்துமஸ் கேக்னு சொல்லுவாங்க. அவர் பேக்கரிக்காரர். கேக் அவங்க தொழில், அவங்ககிட்டயே விட்டுடுவோம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: பிளம் கேக்ல பெரும்பாலும் முட்டை இருக்கும். எதிர் வீட்டுத் தாத்தாவுக்காகத்தான் ஐஸ்கிரீம். அதுலயும் டப்பாவுல பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்து வாங்கினேன்.

7. இலை போட்டப்புறம்

எல்லாத்தையும் நடுவுல கொண்டு வந்து வச்சாச்சு. வேண்டியதை அவங்கவங்களே எடுத்துக்கணும். பரிமாறுற ஆளே கிடையாது, அதனால எட்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்தோம். அம்மா கையைக் கழுவிட்டு வந்து, எங்க உக்காரணும்னு தெரியாம ஒரு நிமிஷம் நின்னாங்க. அப்பா பக்கத்துல இலையைக் காமிச்சேன்.

நான் ஒண்ணை மட்டும் திட்டத்துல எழுத முடியலை. சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் எப்பவும் தாத்தாதான் பண்ணுவாங்க. ரொம்ப நீளமா. குழம்பு ஆறிப் போற அளவுக்கு. யார் பண்றதுன்னு அப்பா என்னைப் பாத்தாங்க, நான் மாமாவைப் பாத்தேன். யாரும் வாயைத் திறக்கலை. அப்புறம் ஆச்சி ஆரம்பிச்சாங்க. நாலே வரி. அதுல தாத்தா பேர் வரலை, எதிர் வீட்டுத் தாத்தா பேர் வந்துச்சு. "தனியா இருக்கிற இந்த அண்ணனை நீர் பாத்துக்கிடும்"னு. அவங்க கண்ணைத் துண்டால துடைச்சுக்கிட்டு, "சோறு ஆறுது, எல்லாரும் சாப்பிடுங்க"ன்னாங்க.

கறி வெந்திருந்துச்சு. ஆச்சி ரெண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினாங்க. எங்க ஊர்ல அதுக்கு மேல சர்டிபிகேட் கிடையாது.

எல்லாத்தையும் சேத்துச் சொன்னா இவ்வளவுதான்: ஆளை எண்ணுங்க, வகையைக் குறைங்க, முந்தின நாளே முடிங்க, வேலையைப் பங்கு போடுங்க, கேக்கை வாங்குங்க. சாப்பாடு சுமாரா வந்தாலும் பரவாயில்லை. எல்லாரும் ஒண்ணா உக்காந்தா அதுவே பண்டிகைதான், ஸ்டார் கட்டாத வீட்டுலயும்.

பி.கு.: பாத்திரம் கழுவுறது யாருன்னு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க. எங்க வீட்டுல தங்கச்சிகிட்ட வெங்காயமும் குடுத்து, தேங்காயும் குடுத்துட்டதால, ரெண்டு குக்கரும் என் தலையிலதான் விழுந்துச்சு :-(