திண்ணையும் ஒரு கைநாட்டும்

வல்லத்திராக்கோட்டை வீட்டின் திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கய்யா எழுத்துப் படிச்ச எடம்டா இது" என்றார்.

1930களில் அந்தத் திண்ணையில் ஒரு வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார். முதலில் மணலில் விரல், பிறகு ஓலையில் எழுத்தாணி. ஆத்திசூடி, எண்சுவடி, அவ்வளவுதான் பாடம். ஆனால் தாத்தா கடைசிவரை கீழ்வாய்க் கணக்கை வாயாலேயே போடுவார். 320இல் ஒரு பங்கு முந்திரி; நாலு முந்திரி ஒரு காணி; நாலு காணி ஒரு மா; இருபது மா சேர்ந்தால் ஒன்று. நான் பொறியியல் படிக்கும்போதும் அந்த வேகத்தில் அவரை ஜெயித்ததில்லை.

அந்தப் பெருமையில்தான் திண்ணைப் பள்ளிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் இல்லத்திலும் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவர் முறையில் இருந்தது. நம் சட்டாம்பிள்ளை செய்ததும் அதுதானே! 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தில் பரவி, ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் வரை போனது. அங்கே ஏதோ ஒரு கிராமத்துப் பிள்ளை எழுதப் படித்ததில் நம் மணலுக்கும் பங்குண்டு என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாயியிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தத் திண்ணைய தெனமும் கூட்டி மொழுகுனது நாந்தான்யா" என்றாள். அது அவளுடைய அத்தை வீடு. பையன்கள் வருவதற்குள் மொழுகிவிட்டு உள்ளே போய்விட வேண்டும்.

திரும்பவும் கணக்கைப் பார்த்தேன். தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்டு எடுத்த சென்னை மாகாணக் கணக்கில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். முன்பு இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். அதில் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. புதுக்கோட்டை தனி சமஸ்தானம் என்பதால் அந்தக் கணக்கில் வராது. வந்திருந்தாலும் அப்பாயி போன்றவர்கள் அதில் இருந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவுக்குள்ளேயே வர முடியாதவர்களின் பிள்ளைகளும் அந்த மணலைத் தொட்டதில்லை.

அப்பாயியின் அப்பா இறந்த பிறகு, கூடப்பிறந்தவர் ஒரு பத்திரத்தை நீட்டினாராம். கைநாட்டு வைத்தாள். அது விடுதலைப் பத்திரம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பங்கு போய்விட்டது.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலம். பெண்கள் சைக்கிள் பழகினார்கள். எங்கள் சின்னத்தையும் பழகினாள். ராத்திரி வகுப்பு எங்கள் திண்ணையில்தான். பத்தாவது முடித்த ஒரு தெருப்பெண் சொல்லிக்கொடுத்தாள். அறுபது வயதில் அப்பாயி முதன்முதலாக அங்கே உட்கார்ந்தாள். அவள் படித்த முதல் சொல் 'பட்டா'.

கொஞ்ச மாதம் கழித்து அந்தப் பத்திரத்தின் நகலை வாங்கிவரச் சொல்லி, எழுத்துக் கூட்டி இரண்டு நாள் படித்தாளாம். நிலம் திரும்பவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு யார் எந்தத் தாளை நீட்டினாலும் "இரு, படிச்சுட்டு வர்றேன்" என்று திண்ணைக்குப் போய்விடுவாள்.

கார் இப்போது தெருவில்தான் நிற்கிறது.