கியூபிசமும் செய்தித்தாளும்

கலை வரலாற்றில் இடம்பெற்ற பல இயக்கங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் ஓவியர்கள் அல்லர். அவர்களை எள்ளி நகையாடிய பத்திரிகை விமர்சகர்களே ஆவர். மொனேயின் ஓவியத் தலைப்பொன்றைக் கேலி செய்து 1874இல் லூயி லெரோய் எழுதிய கட்டுரையால் இம்ப்ரஷனிசம் என்ற பெயர் பரவியது. கியூபிசத்தின் கதையும் அத்தகையதே. 1908 நவம்பரில், இளம் ஓவியரான ஜோர்ஜ் பிராக்கின் படைப்புகள் பாரிஸில் கான்வைலர் என்பவரின் சிறிய காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. அவற்றைக் கண்ட விமர்சகர் லூயி வொக்ஸெல், இந்த ஓவியர் வீடுகளையும் மனிதர்களையும் நிலக்காட்சிகளையும் வெறும் சதுரமுகிகளாகக் குறுக்கிவிடுகிறார் என்ற கருத்தில் நாளேடொன்றில் எழுதினார். ‘கியூப்’ என்ற அச்சொல்லே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்துவிட்ட எனக்கு இவ்வியக்கத்தின் மீது தனியானதோர் ஈடுபாடு உண்டு. அதன் வரலாற்றில் செய்தித்தாள் மூன்று முறை குறுக்கிடுவதே அதற்குக் காரணம். மேற்சொன்னது முதலாவது. மற்றைய இரண்டையும் கூறுமுன், வொக்ஸெல் கண்டதையும் காணத் தவறியதையும் நோக்குதல் வேண்டும்.

பிராக்கின் லெஸ்டாக் வீடுகளில் வடிவியல் உண்டென்பது மெய்யே. தென் பிரான்ஸின் அந்தக் கடற்கரைச் சிற்றூரை அவர் தீட்டியபோது வீடுகளுக்குக் கதவுமில்லை, சன்னலுமில்லை. வானமும் தொடுவானும் அகற்றப்பட்டுவிட்டன. சுவர்களும் கூரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. இதற்கான வித்து செசானிடமிருந்து கிடைத்தது. இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றின் வழியாக நோக்குமாறு 1904இல் எமில் பெர்னார் என்ற ஓவியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் அறிவுறுத்தியிருந்தார். செசான் 1906இல் மறைந்தார். மறு ஆண்டு பாரிஸில் நடைபெற்ற அவரது நினைவுக் கண்காட்சி இளம் ஓவியர்களை உலுக்கிற்று. செசான் கூறிய பட்டியலில் சதுரமுகி இல்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

அப்படியாயின் இந்தக் கோணங்களும் தளங்களும் எதற்காக வந்தன? ஐரோப்பிய ஓவியம், அல்பேர்ட்டி 1435இல் தூரதரிசன விதிகளை எழுதிவைத்த காலம் முதலாக, ஒரே இடத்தில் அசையாது நிற்கும் ஒற்றைக் கண்ணின் பார்வையைத் தனது அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஆனால் நாம் உலகை அவ்வாறு அறிவதில்லை. மேசைமீதுள்ள கோப்பையை மேலிருந்து நோக்கினால் அதன் வாய் வட்டமாகத் தெரியும். பக்கத்திலிருந்து நோக்கினால் அவ்வட்டம் ஒரு கோடாகிவிடும். இரண்டும் ஒரே கோப்பைதான். இவ்விரு காட்சிகளையும் தட்டையான ஒரே துணியில் பொருத்த முயன்றால், ஒரு பார்வை முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் ஒரு மூட்டு தேவைப்படுகிறது. கியூபிச ஓவியத்தில் நாம் காணும் விளிம்புகள் பெரும்பாலும் இத்தகைய மூட்டுகளே. வடிவியல் அங்கே அலங்காரமன்று. பல பார்வைகளை ஒன்றாகக் கட்டும் ஆப்பு எனலாம்.

1910இல் பிக்காசோ தீட்டிய கான்வைலரின் உருவப்படம் இதற்குத் தக்க சான்று. சாம்பலும் பழுப்புமான தளங்களுக்கிடையே முதலில் ஒன்றும் புலப்படாது. பொறுமையுடன் நோக்கினால் சீவிய தலைமுடியின் அலையும், கீழே ஒன்றோடொன்று கோத்த கைகளும் தோன்றும். ஆளையே அடையாளம் காண முடியாத எல்லைக்கு ஓவியம் நெருங்கிவிட்டதைப் பிக்காசோவும் பிராக்கும் உணர்ந்திருக்க வேண்டும். அந்த எல்லையிலிருந்து அவர்கள் திரும்பிய வழியில்தான் செய்தித்தாள் இரண்டாம் முறை குறுக்கிடுகிறது.

1912ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிராக், மரவேலைப்பாடு போல் அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டித் தமது சித்திரத்தில் ஒட்டினார். சில வாரங்களில் பிக்காசோவும் அம்முறையைப் பின்பற்றினார். அவர் எடுத்த பொருள்களில் முக்கியமானது செய்தித்தாள். அவ்வாண்டின் இறுதியில் அவர் செய்த கிற்றார், இசைத்தாள், கண்ணாடிக் குவளை ஆகியன கொண்ட ஓர் ஒட்டுச்சித்திரம் இன்று அமெரிக்காவின் சான் அன்ரோனியோ நகரில் உள்ளது. அதன் கீழ்ப்பகுதியில் ‘லூ ஜுர்னால்’ நாளேட்டின் துண்டொன்று ஒட்டப்பட்டுள்ளது. பத்திரிகைப் பெயரின் பின்பகுதி அறுந்து ‘ஜூ’ என்று மாத்திரம் நிற்கிறது. அதன் கீழே, சமர் தொடங்கிவிட்டது என்னும் பொருள்படும் தலைப்பு. அது அக்காலத்துப் போல்கன் போர் பற்றிய செய்தி. அறையில் இசைக்கருவி, மேசைமீது குவளை, அவற்றின் நடுவே எங்கோ நடக்கும் போர். காலை உணவோடு சாவுச் செய்தியை வாசித்துவிட்டு வேலைக்குப் புறப்படும் எவருக்கும் இக்காட்சி அந்நியமானதன்று.

எமது நாட்டிலும் இவ்வலையின் ஒரு திவலை வீழ்ந்தது. 1943இல் லயனல் வென்ற்றின் முன்முயற்சியால் கொழும்பில் உருவான ‘43 குழு’வைச் சேர்ந்த ஜோர்ஜ் கீற், கியூபிசத்தைக் கற்றவர், அதனைப் பிரதி செய்தவரல்லர். அவரது பெண்களின் முகங்களில் பக்கத் தோற்றமும் முன்தோற்றமும் ஒன்றாக இணைந்திருக்கும். ஆயின் பாரிஸில் கோணமாக முறிந்த கோடு கீற்றின் கையில் வளைந்து செல்கிறது. கீழைத்தேயச் சிற்ப, ஓவிய மரபுகளின் கோட்டுச் செழுமை அதில் கலந்துள்ளது. பல பார்வைகளைப் பொருத்தும் மூட்டு, கோணமாகத்தான் அமைய வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை நான் அவரிடமிருந்தே தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், ஒரே தாக்குதல் பற்றி இரண்டு அறிக்கைகள் இரவில் மேசைக்கு வந்து சேரும். ஒன்று கொழும்பிலிருந்து, மற்றையது வன்னியிலிருந்து. இறந்தோர் தொகை ஒன்றுக்கொன்று ஒவ்வாது. இரண்டிலும் இல்லாதது அவ்வூர் மக்களின் குரல். சில நாட்களின் பின்னர் வவுனியாவை வந்தடைந்த யாரோ ஒருவரின் கடிதத்தில் அது இருக்கும். 1998 ஜூனில் இராணுவச் செய்திகள் மீது தணிக்கை விதிக்கப்பட்டபின் அந்தக் கடிதங்களை அச்சேற்றுவதும் அரிதாயிற்று. எம்முடனிருந்த மூத்த செய்தி ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு தகவலின் போதும் தவறாது ஒரு கேள்வி கேட்பார்: “தம்பி, உதைச் சொன்னவர் எங்கை நிண்டு பாத்தவர்?” கியூபிசம் பற்றி நான் வாசித்த நூல்கள் எவையும் அதன் அடிப்படையை இத்துணைச் சுருக்கமாக எனக்கு உணர்த்தியதில்லை.

இனி மூன்றாவது குறுக்கீடு. 1937 ஏப்ரில் 26ஆம் திகதி, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள கேர்ணிக்கா நகர் மீது ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அன்றிரவே எரியும் நகருக்குள் சென்று உயிர் தப்பியோரிடம் பேசிய ஜோர்ஜ் ஸ்ரீர் என்ற நிருபரின் செய்தி, 28ஆம் திகதி லண்டன் ‘ரைம்ஸ்’ பத்திரிகையில் வெளியாயிற்று. பிராங்கோ தரப்போ குண்டுவீச்சை மறுத்து, பின்வாங்கியவர்களே தமது நகருக்குத் தீ வைத்தனர் என்றது. பாரிஸிலிருந்த பிக்காசோ செய்தித்தாள்கள் வாயிலாகவே இவற்றை அறிந்தார். மே முதலாம் திகதி வரையத் தொடங்கி, ஜூன் முற்பகுதியில் நிறைவு செய்தார்.

ஏறத்தாழ 3.5 மீற்றர் உயரமும் 7.8 மீற்றர் அகலமும் கொண்ட அவ்வோவியத்தில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. இறந்த குழந்தையை ஏந்திய தாய், அலறும் குதிரை, முறிந்த வாள், தலைக்கு மேலே ஒரு மின்குமிழ். குதிரையின் உடலெங்கும் அச்செழுத்து வரிகளை ஒத்த சிறு கீறல்கள். நிறங்களும் செய்தித்தாளின் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமே. முப்பது ஆண்டுகளுக்கு முன் கோப்பையையும் கிற்றாரையும் பார்க்கப் பழகிய கண், இப்போது ஒரு நகரின் சாவைப் பார்க்கிறது. முறிந்த வடிவங்கள் இங்கே பார்வையின் மூட்டுகள் மாத்திரமல்ல. மெய்யாகவே முறிந்த உடல்கள்.

பல பார்வைகள் உண்டு என்றால் எல்லாக் கூற்றும் சமமே என்று சிலர் வாதிடுவர். கியூபிசம் அவ்வாறு கூறவில்லை. கோப்பையைச் சுற்றி வந்தவனின் பார்வைகள் பலவாயினும் கோப்பை ஒன்றே. சுற்றி வராதவன் கூறுவது மற்றுமொரு பார்வையன்று. அது வெறும் கூற்று. கேர்ணிக்காவின் வீதியில் நின்ற தாய் கண்டதும், தலைமையகத்தில் இருந்தவர் எழுதியதும் ஒரே தராசில் வைக்கத் தக்கவையல்ல. போர் 2009இல் முடிவுற்ற பின்னரும் எமது நாட்டில் இறந்தோர், காணாமற்போனோர் தொகை பற்றிய வாதம் ஓயவில்லை. அவ்வாதத்தில் பங்குகொள்வோர் பலரும், நின்ற இடத்திலிருந்து நகராமலே பேசுவதைக் காண்கிறேன்.

கியூபிச ஓவியத்தின் முன் நின்று, இது என்ன, விளங்கவில்லையே என்று விலகிச் செல்வோர் பலர். அவர்களுக்கு நான் கூறுவது ஒன்றுதான். முழு உருவத்தை உடனே தேடாதீர்கள். ஒரு துண்டைத் தெரிந்து, அது எங்கிருந்து காணப்பட்டது என்று கேளுங்கள். பின் அடுத்த துண்டு. சிறிது நேரத்தில், ஓவியம் அசையாமலேயே நீங்கள் அப்பொருளைச் சுற்றி நடந்து முடித்திருப்பீர்கள்.