விழிக்க மறுத்த விருந்தினர்

சில வாரங்களுக்கு முன்னர் சாய்ந்தமருதிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி மாவடிப்பள்ளிக்கு வந்தார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையேறியபோது அவருக்கு இரண்டு வயது. அலை கொண்டுபோன தன் வாப்பாவின் பெயர், அந்நாளில் நான் பணியாற்றிய பத்திரிகையின் பட்டியல் ஒன்றில் இருந்ததாக உம்மா சொல்லக் கேட்டிருக்கிறார். "அந்தப் பக்கத்த ஒருக்காப் பார்க்கலாமா சேர்?" என்றார்.

நாட்டிலேயே அதிக உயிர்களை அலைக்குக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கும் மேல். பெயர்ப் பட்டியல்களைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சுச் செய்த நாட்கள் அவை. அச்சான தாள்கள் என்னிடம் இல்லை. பக்கங்களின் மூலக்கோப்புகள் இருந்தன. "நாளைக்கு வாங்க தம்பி" என்று இலேசாகச் சொல்லிவிட்டேன்.

அக்கோப்புகள் யாவும் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் அமைந்தவை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடுப்பு அணிவித்த ஏற்பாடு. உடுப்பைக் கழற்றினால் எஞ்சுவது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல். 1991 இலேயே யுனிகோட்டில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், எங்கள் பத்திரிகைக் கூடங்கள் அதன் பக்கம் திரும்ப வெகுகாலம் எடுத்தன. இப்போதைய இன்டிசைன் அந்தப் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்காது. ஆகவே விண்டோஸ் எக்ஸ்பியையும் பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் சேர்த்து, வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஒரு மெய்நிகர் கணினியாகக் குடிவைத்திருக்கிறேன். 2014 ஏப்ரலோடு மைக்ரோசொப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டுவிட்டது என்பதால் அதற்கு இணைய இணைப்பும் கொடுப்பதில்லை. உள்ளே இயங்குவதை விருந்தினர் என்றும் இடம் கொடுக்கும் கணினியை விருந்தோம்பி என்றும் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். இது புதிய யோசனையுமல்ல. ஒரே பெருங்கணினியைப் பல கணினிகள்போல் நடிக்கவைக்கும் விஎம்/370 என்ற ஏற்பாட்டை ஐபிஎம் நிறுவனம் 1972 இலேயே அறிவித்துவிட்டது.

அன்றிரவு விருந்தினரை எழுப்பினேன். எழும்பவில்லை. மெய்நிகர் இயந்திரத்திற்கான அமர்வைத் திறக்க இயலவில்லை என்று ஒரு வரி மட்டும் திரையில் வந்தது.

நாற்பதாண்டு பத்திரிகைத் தொழிலில் நான் படித்த ஒன்று: முதலில் வரும் அறிவித்தலை நம்பக்கூடாது, சாட்சியைத் தேட வேண்டும். திரையில் தோன்றும் பெட்டி அமைச்சின் பேச்சாளரைப் போன்றது. சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்தின் கோப்புறைக்குள்ளும் லொக்ஸ் என்றொரு உள்கோப்புறை உண்டு. அங்குள்ள பதிவேட்டின் கடைசிப் பகுதியைப் படித்தால், எந்த இடத்தில் கால் இடறியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். என் பதிவேடு சொன்னது, விடி-எக்ஸ் பயோஸில் முடக்கப்பட்டிருக்கிறது என்று.

விடி-எக்ஸ் என்பது மெய்நிகர் இயந்திரங்களுக்காக 2005 இலிருந்து இன்டெல் தன் செயலிகளில் அமைத்துவரும் வசதி. முன்னைய வேர்ச்சுவல்பொக்ஸ் பதிப்புகள் அது இல்லாமலும் எக்ஸ்பியைத் தட்டுத்தடுமாறி ஓட்டின. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து அந்தச் சலுகை நீங்கிவிட்டது. சரி, நான் முடக்காததை யார் முடக்கினார்?

அப்போதுதான் கணினியின் மணிக்கூட்டைக் கவனித்தேன். அது பல ஆண்டுகள் பின்னால் நின்றது. விடயம் விளங்கிவிட்டது. 2024 நவம்பர் வெள்ளத்தில், இங்கே மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தோடு போன அந்த நாட்களில், கணினியின் வயர்களைக் கழற்றி அலுமாரியின் மேல் ஏற்றியவன் நான். பின்னர் மாதக்கணக்கில் அது அங்கேயே இருந்தது. மின்சாரமின்றிக் கிடந்த தாய்ப்பலகையின் பொத்தான் பற்றரி செத்துப்போக, பயோஸ் தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டது. விருந்தினர்மீது குற்றமில்லை. சோறு வேகவில்லை என்றால் அடுப்பைத்தானே பார்க்க வேண்டும்!

கல்முனையில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் 2032 இலக்கப் பற்றரி வாங்கிப் போட்டேன். பயோஸினுள் சென்று மெய்நிகராக்க வசதியை இயக்கி, சேமித்து, கணினியை முற்றாக அணைத்துப் பின் எழுப்பினேன். இப்போது வேறொரு பிழை. வெள்ளத்துக்கு முன்னர் எக்ஸ்பியை ஒழுங்காக மூடாமல், இருந்தபடியே உறங்கவைத்திருந்தேன். இடையில் மருமகன் வேர்ச்சுவல்பொக்ஸைப் புதிய பதிப்புக்கு உயர்த்தியிருந்தார். பழைய பதிப்பு எழுதிவைத்த உறக்க நிலையைப் புதியது படிக்க மறுத்தது.

எதையும் அழிக்குமுன் கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டில் பிரதி எடுத்தேன். வட்டுக் கோப்பை மட்டும் எடுத்தால் போதாது; இடைநிலைப் பதிவுகள் எடுத்திருந்தால் அவை தனிக்கோப்புகளாகக் கிடக்கும், ஒன்று விடுபட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

"மாமா, என்ட லெப்டொப்புல பார்ப்பம்" என்றார் மருமகன். வட்டின் பிரதியை அதில் புதிய இயந்திரமாக இணைத்தார். நீலத்திரை விழுந்தது, 7பி என முடியும் குறியீட்டுடன். இயங்குதள வகை கேட்ட இடத்தில் அவர் விண்டோஸ் 10 என்று தெரிவுசெய்துவிட்டார். மென்பொருளும் வட்டைச் சாட்டா கட்டுப்படுத்தியில் பொருத்திவிட்டது. எக்ஸ்பி பிறந்த காலத்தில் அதற்குத் தெரிந்த பாதை ஐடிஈ. தன் வட்டையே காணாமல் அது மயங்கி விழுந்தது. ஐடிஈக்கு மாற்றியதும் எழும்பியது, ஆனால் ஆமை வேகம். சொல்லுக்காகச் சொல்லவில்லை, சாளரத்தின் கீழ்மூலையில் உண்மையாகவே ஒரு பச்சை ஆமை தோன்றுகிறது. விண்டோஸ் தன் பாதுகாப்புக்கென ஹைப்பர்-வியை இயக்கி வன்பொருள் வசதியைத் தானே பிடித்துக்கொண்டால், வேர்ச்சுவல்பொக்ஸ் அதன் முதுகில் ஏறிப் போக வேண்டியதுதான். அந்த ஆமையோடு பக்கங்களைப் புரட்டும் பொறுமை எனக்கில்லை.

என் கணினிக்கே திரும்பினேன். பிரதி கையிலிருந்த தைரியத்தில், உறக்க நிலையைக் கைவிடு என்ற கட்டளையை அழுத்தினேன். ஓடும் கணினியின் மின்வயரைப் பிடுங்குவதற்குச் சமம் அது. சேமிக்காத வேலை இருந்தால் போய்விடும். எக்ஸ்பி வட்டைச் சரிபார்த்துவிட்டு, பழைய பச்சைப் புல்வெளியோடு விழித்தது.

மறுநாள் சொன்னபடி இளைஞர் வந்தார். ஏழாவது கோப்பில் வாப்பாவின் பெயர் இருந்தது. ஆனால் ஊர் நிரலில் மருதமுனை என்றிருந்தது. அவர்கள் அப்போது வாழ்ந்தது மாளிகைக்காட்டில். அந்தப் பட்டியலைத் தட்டச்சுச் செய்தவன் நான்தான்.

"வயசு சரி சேர், முப்பத்தொண்டு" என்றவர், சற்றுப் பொறுத்து, "ஊர மாத்தலாமா?" என்று கேட்டார்.

அச்சான பக்கத்தை மாற்றுவது முறையல்ல என்றேன். மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, அதன் அடியில் அன்றைய திகதியிட்டு, திருத்தம் என்ற தலைப்பில் அவரது வாப்பாவின் பெயரையும் மாளிகைக்காடு என்ற ஊரையும் தட்டச்சுச் செய்தேன். பாமினியின் விசைகளை விரல்கள் மறந்திருக்கவில்லை. இரண்டு பக்கங்களையும் படமாக எடுத்து அச்சிட்டுக் கொடுத்தேன். உம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று, மடிக்காமல் ஒரு கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோனார்.